ஹக்கைக் கேட்பது ஸப்ருக்கு மாறானதா?

ஆனி மாதத்துச் சாரல் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு ஆனந்தம். தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களுக்கோ அதே சாரல்தான் கவலை. காற்றில் ஈரம் ஏறினால் இலை பதம் கெடும். சுற்றிய பீடி நமுத்துப்போகும். பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் 'கழிவு' என்று ஒதுக்கும் கட்டுகள் கூடும். வீட்டு வேலையெல்லாம் முடித்து, பஜ்ருக்குப் பின்னும் இஷாவுக்குப் பின்னும் உட்கார்ந்து சுற்றிய உழைப்பு, ஒரு கைவீச்சில் கணக்கிலிருந்து கழிந்துபோகும்.

அப்படி உழைத்த சகோதரி ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வியோடு வந்தார். உண்மையில் அது இரண்டு கேள்விகள். முதல் கேள்வியை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். இரண்டாவதைக் கேட்கத் துணிகிறவர்கள் குறைவு. ஆகவே இரண்டையும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

அவர் 9 ஆண்டுகள் ஒரே பீடிக்கடைக்குச் சுற்றிக் கொடுத்தவர். மணமாகும் முன்பு, அண்ணன் வீட்டில் இருந்த 5 ஆண்டுகள், மதினியின் பெயரில் இருந்த பாஸ்புத்தகத்தில் அவர் சுற்றிய பீடியும் ஏறியது. பிறகு 4 ஆண்டுகள் தம் சொந்தப் பெயரில். நல்ல பீடியையும் கழிவென்று ஒதுக்கிவிட்டு, ஒதுக்கியதைத் திருப்பித் தராமல் கடையே வைத்துக்கொள்வது ஏன் என்று ஒருநாள் கேட்டார். மறுவாரம் அவருக்கு இலையும் தூளும் கிடைக்கவில்லை. 'வேலை இல்லை' என்ற ஒரு சொல்லோடு முடிந்தது. எழுத்தில் ஒன்றும் இல்லை. கணக்குக் கேட்டபோது, '4 வருஷம்தானே நம்மகிட்ட இருந்தே; 5 வருஷம் ஆகாதவங்களுக்குப் பணிக்கொடை கிடையாது' என்றார்கள்.

மூன்று பேர் அவருக்கு ஆலோசனை சொன்னார்கள். மஹல்லாவின் பெரியவர் ஒருவர், 'கடைக்காரரும் நம் ஜமாஅத்துக்காரர்தானே தாயி, கோர்ட்டுக்குப் போய் என்ன செய்யப்போறே? ஸப்ரு செய், அல்லாஹ் வேறு வழி திறப்பான்' என்றார். வழக்கு விவரம் தெரிந்த ஒருவர், 'பழைய பாஸ்புத்தகம் மழையில் நனைந்து போச்சு என்று சொல்லு. 9 வருஷமும் உன் பேரிலேயே புத்தகம் இருந்தது என்று சொல்ல இரண்டு பேரை நான் கூட்டிவருகிறேன்' என்றார். மதினியோ, 'என் பேரை மட்டும் இழுத்துவிடாதே' என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஏனென்றால் அந்த 5 ஆண்டுகளின் வைப்புநிதிப் பணத்தை முழுவதுமாக அவரே எடுத்துச் செலவழித்திருந்தார்.

சகோதரி கேட்டது இதுதான்: 'என் ஹக்கைக் கேட்டு வழக்குப் போடுவது குற்றமா? அந்த ஹக்கை வாங்குவதற்காக ஒரு பொய் சொன்னால் அதுவும் குற்றமா?'

ஸப்ரு என்பது எது?

முதல் கேள்விக்கு மார்க்கத்தில் தெளிவான விடை உண்டு. நம் தலைவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன்பு மக்காவில் நடந்த ஒரு செய்தியை எண்ணிப் பாருங்கள். ஜுபைத் கோத்திரத்து வியாபாரி ஒருவர் யமன் திசையிலிருந்து சரக்குக் கொண்டுவந்தார். ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷித் தலைவன் அதை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தான். அந்நியரான அந்த மனிதர் குன்றின்மீது ஏறி நின்று முறையிட்டார். அப்போது அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் சில குலத்தார் கூடி, மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவர் யாராயினும் அவர் ஹக்கு அவருக்குக் கிடைக்கும்வரை அவர் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்று பேர்பெற்ற அந்த உடன்படிக்கையில் பெருமானார் (ஸல்) அவர்களும் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்னரும், அத்தகைய ஓர் உடன்படிக்கைக்குத் தம்மை அழைத்தால் இப்போதும் ஏற்பேன் என்ற கருத்தில் அதை நினைவுகூர்ந்தார்கள்.

கூடியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். கூடிய வீடும் முஸ்லிமின் வீடு அல்ல. முறையிட்டதும் கொடுக்கப்படாத பணத்தைப் பற்றித்தான். ஆகவே, அரசாங்கத்தின் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவது ஈமானுக்குக் குறைவு என்று நினைப்பவர்கள் இந்தச் சரித்திரத்தை மறந்துவிடுகிறார்கள்.

கடன் கொடுத்த ஒருவர் அண்ணலாரிடமே வந்து கடுமையாகப் பேசியபோது, ஸஹாபாக்கள் அவர்மேல் பாயப் போனார்கள். ஹக்கு உடையவருக்குப் பேசும் உரிமை உண்டு, விட்டுவிடுங்கள் என்று தடுத்து, அவர் கொடுத்ததைவிடச் சிறந்த ஒட்டகத்தையே கொடுக்கச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். இந்தச் செய்தி புகாரி ஷரீஃபில் இருக்கிறது. நபியிடமே ஹக்கைக் கேட்கலாம் என்றால், பீடிக்கடைக்காரரிடம் கேட்பது எப்படி ஒழுங்கீனமாகும்?

ஸப்ரு என்பது நம் கையில் இல்லாத சோதனையில் மனம் குலையாமல் நிற்பது. நம் கையில் உள்ள வழியை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதற்கு அந்தப் பெயரைச் சூட்டலாகாது. வழக்குப் போட்டவருக்கும் ஸப்ரு வேண்டும். தவணைமேல் தவணை தள்ளிப்போகும்போதும், எதிர்த்தரப்பு வக்கீல் ஏளனமாகக் கேள்வி கேட்கும்போதும், 'பொம்பளை கோர்ட்டு ஏறுகிறாள்' என்று தெருவில் பேசும்போதும் வேண்டியது அதே ஸப்ருதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்ற போதனையும் இதைத்தான் சொல்கிறது.

பீடித் தொழிலைப் பற்றி உலமாக்களிடையே பேசப்படும் மஸ்அலா வேறு. அதைக் காட்டிக் கூலியைத் தட்டிக் கழிக்க எந்த முதலாளிக்கும் இடமில்லை. விற்ற லாபத்தை ஹலாலென்று பெட்டியில் வைப்பவர், சுற்றியவளின் கூலிக்கு மட்டும் ஃபத்வா தேடுவது எந்த நியாயம்?

இரண்டாவது கேள்வி

இதுதான் கடினமானது. அந்தச் சகோதரி 9 ஆண்டுகள் உழைத்தது உண்மை. அவர் கேட்பதும் 9 ஆண்டுகளுக்கு உரியதைத்தான். ஒரு நாள்கூடக் கூட்டிக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் மதினி அவமானப்படுவார். 'மற்றவர் பெயரில் வேலை செய்தாயே' என்று தாமும் ஏச்சுக் கேட்கவேண்டும். பொய்யைச் சொன்னால் உறவும் கெடாது. நஷ்டம் ஏமாற்றிய கடைக்காரருக்கு மட்டுமே, அதுவும் அவர் நியாயமாகக் கொடுக்கவேண்டிய பணந்தான். அப்படியிருக்க அந்தப் பொய்யால் யாருக்கு என்ன கேடு?

இந்த வாதம் கேட்பதற்கு இனிக்கும். ஆனால் பொய்ச்சாட்சியைப் பற்றிப் பேசும்போது நாயகம் (ஸல்) அவர்கள் இருந்த நிலையைப் பாருங்கள். பெரும்பாவங்களை எண்ணிக்கொண்டு சாய்ந்திருந்தவர்கள், பொய்ச்சாட்சி என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, போதும் என்று தோழர்கள் ஏங்கும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இவ்வளவு அழுத்தம் ஏன்? திருடன் ஒரு வீட்டைத்தான் கெடுக்கிறான். பொய்ச்சாட்சி நீதி பிறக்கும் இடத்தையே கெடுக்கிறது. இன்று உண்மையான 9 ஆண்டுகளுக்காகப் பொய் சொல்லப் பழகிய அந்த இரண்டு நாவுகளும், நாளை வேறொரு கடைக்காரரின் கூலிக்கு வேறொரு சகோதரிக்கு எதிராகப் பேசும். ஏழைக்கு எஞ்சியுள்ள ஒரே பலம் உண்மை. அதை அவர்களே செல்லாக் காசாக்கிவிட்டால், பிறகு பணம் உள்ளவர் பக்கமே தராசு சாயும்.

அத்துடன் கூட்டிவரப்படும் இருவரின் கதி என்ன? உழைத்தவள் தன் ஹக்கைப் பெற்றுக்கொள்வாள். சத்தியம் செய்த அவர்களுக்கோ பாவம் மட்டுமே மிஞ்சும். நம் ஹக்குக்காகப் பிறர் மறுமையை விலைபேச நமக்கு அனுமதி இல்லை.

தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்துவிட்டால் மட்டும் ஒரு பொருள் நமக்கு ஹலாலாகிவிடாது. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியில், தாமும் மனிதரே என்றும், வழக்காடுபவரில் ஒருவர் மற்றவரைவிடப் பேச்சுத் திறமை உள்ளவராய் இருக்கலாம் என்றும், கேட்டதை வைத்துத் தீர்ப்புச் செய்யும்போது சகோதரனின் ஹக்கு இவன் பக்கம் வந்துவிட்டால் அது நெருப்புத் துண்டே என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஆதாரம் இல்லாத ஒரு சொத்துக்காக வழக்காட வந்த இருவர் இதைக் கேட்டு அழுது, என் பங்கு உனக்கே இருக்கட்டும் என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள் என்றும் அறிவிப்பு உண்டு. இந்த எச்சரிக்கை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பொது. 4 ஆண்டு என்று சாதித்து வென்றாலும் கடைக்காரரின் பெட்டியில் விழுவது அந்த நெருப்புதான்.

மதினியின் மானம்? பிறர் குறையை மறைப்பது நற்செயல். ஆனால் குறையோடு சேர்த்து ஒருவரின் ஹக்கும் மறைந்துபோகுமானால் அது நற்செயல் அல்ல. நீதியின் பக்கம் நில்லுங்கள், அது உங்களுக்கோ பெற்றோருக்கோ நெருங்கிய உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் சரி என்ற கருத்தில் அல்லாஹுத்தஆலா கட்டளையிடுகிறான் (4:135). சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளமே பாவத்துக்குள்ளானது என்றும் குர்ஆன் உணர்த்துகிறது (2:283). ஆகவே சபையில் போட்டு உடைக்காமல், முதலில் தனியே மதினியிடம் பேசி, அவரே முன்வந்து சொல்ல வாய்ப்புக் கொடுங்கள் என்றோம். உறவின் ஹக்கும் அதில் நிறைவேறும், உண்மையின் ஹக்கும் நிறைவேறும்.

வழக்குக்குப் போகிறவர் அறியவேண்டியவை

'வீட்டில் இருந்து சுற்றுகிறவள் தொழிலாளியே அல்ல, இடையில் நிற்கும் ஏஜெண்டுதான் பொறுப்பு' என்று சொல்லிக் கைகழுவும் வழக்கம் பழையது. பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கென 1966-இல் வந்த சட்டம் வீட்டில் சுற்றுகிறவர்களையும் தொழிலாளர் என்றே கணக்கில் எடுத்தது. முதலாளிகள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். மங்களூர் கணேஷ் பீடி ஒர்க்ஸ் வழக்கில் 1974-இல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. வைப்புநிதி விஷயத்தில் பி.எம். பட்டேல் அன் சன்ஸ் என்ற நிறுவனத்தார் தொடுத்த வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன காரணம் நம் சகோதரிகள் மனத்தில் பதிக்கவேண்டியது. சுற்றியது சரியில்லை என்று ஒதுக்கும் உரிமை கடையிடம் இருக்கிறதல்லவா, அந்த உரிமையே மேற்பார்வைக்கு அடையாளம். ஆகவே வீட்டில் சுற்றுகிறவரும் வைப்புநிதிக்கு உரிய தொழிலாளியே என்றது நீதிமன்றம். எந்தக் 'கழிவு' அவர்களை வருத்தியதோ, அந்தக் கழிவே அவர்கள் ஹக்குக்குச் சாட்சியாகிவிட்டது!

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிற்சட்டங்கள் பலவற்றின் இடத்தில் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. வேலை நிறுத்தப்பட்டவர் முதலில் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுக்கவேண்டும். தகராறு தோன்றி 2 ஆண்டுகள் கடந்துவிட்டால் அவர் அதை எடுத்து நடத்த முடியாது. சமரசம் முறிந்தால், அதிகாரியின் அறிக்கை கிடைத்த 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்துக்கு மனுச் செய்யவேண்டும். தொழிலாளர் நீதிமன்றம் என்று நாம் அழைத்துவந்ததைத்தான் புதிய சட்டம் தீர்ப்பாயம் என்கிறது. பழைய 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேலைநீக்கத்தை எதிர்த்து நேரே நீதிமன்றம் செல்வோருக்கு 3 ஆண்டுக் கெடு இருந்தது. அதை நினைத்துக்கொண்டு இப்போதும் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். பணிக்கொடைக்கு அதற்கென உள்ள அதிகாரியிடமும், வைப்புநிதிக்கு திருநெல்வேலியில் உள்ள அந்த அலுவலகத்திலும் தனித்தனியே மனுக் கொடுக்கவேண்டும்.

ஜமாஅத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்காகக் கெடு நிற்காது. மனுவையும் கொடுங்கள், பேச்சையும் நடத்துங்கள். ஒன்று மற்றதைத் தடுக்காது.

வக்கீலுக்குப் பணமில்லை என்று அஞ்சவேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிக் குழு அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும்.

பாஸ்புத்தகம், கூலிச்சீட்டு, வங்கியில் ஏறிய வரவு, வைப்புநிதி எண், கடையிலிருந்து வந்த செய்திகள் ஆகிய எதையும் எறியாதீர்கள். வேலை நின்ற தேதியையும், யார் என்ன சொன்னார் என்பதையும் அன்றே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நாள் செல்லச் செல்ல நினைவு நமக்குச் சாதகமாகவே வளைந்துவிடும்; அன்று எழுதியது வளையாது. கடையின் பதிவேடுகளைக் கொண்டுவரச் சொல்லும்படி விசாரணையில் கேட்கலாம். கடன் விவகாரத்தை எழுதிக்கொள்ளச் சொல்லும் குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) நம் வீடுகளில் ஓதப்படுகிறது. ஆனால் கூலிப் பேச்சை எழுதும் வழக்கம் மட்டும் வரவில்லை. மத்யனில் மூஸா (அலை) அவர்கள் வேலைக்கு அமர்ந்தபோதுகூட 8 ஆண்டு கட்டாயம், 10 ஆக்குவது அவர் விருப்பம் என்று தெளிவாகப் பேசி முடித்துக்கொண்டார்கள் (28:27). குற்றாலத்தில் சீசனுக்கு மட்டும் விடுதிகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் சம்பளம் எவ்வளவு, சாப்பாட்டுக்குப் பிடிப்பு உண்டா, கணக்கு எந்த நாளில் முடியும் என்பதை ஒரு துண்டுக் காகிதத்திலாவது எழுதி வாங்கினால், சீசன் முடிவில் தகராறு பாதியாகக் குறையும்.

ஜமாஅத்தாருக்கும் முதலாளிகளுக்கும்

மஸ்ஜிதில் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் கடனைக் கேட்டுக் குரல் உயர்ந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தம் அறைத் திரையை விலக்கி, பாதியை விட்டுக்கொடுக்கும்படி கஅபுக்குச் சைகை செய்தார்கள். அவர் ஒப்புக்கொண்டதும், மற்றவரிடம் எழுந்து போய் மீதியைக் கொடுத்துவிடு என்றார்கள். நம் பஞ்சாயத்துகளில் இந்த ஹதீஸின் முதல் பாதி மட்டும் நடக்கிறது. உழைத்தவரிடம் 'விட்டுக்கொடு' என்கிறோம். கொடுக்கவேண்டியவரிடம் 'எழுந்து போய்க் கொடு' என்று சொல்ல நம் நாக்கு எழுவதில்லை. பள்ளிக்கு அவர் கொடுக்கும் சந்தா நம் நாவைக் கட்டிவிடுகிறது. பெரியவரே, ஸப்ரைப் போதிக்கும் முன் கணக்கைக் கேளுங்கள்!

கூலிக்கு ஆளை வைத்து வேலையை நிறைவாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக, கியாமத்து நாளில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்லியிருப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த நீதிமன்றத்தில் காலக்கெடு கடந்தது என்ற வாதம் எடுபடாது. இலையைக் குறைத்து நிறுத்துக் கொடுத்து, பீடியை மட்டும் முழுதாக எண்ணி வாங்குவது எந்த ஸூராவின் தொடக்கத்தில் சபிக்கப்பட்டிருக்கிறது என்பதை ஹாஜியார்கள் அறிவார்கள் (83:1-3).

அந்தச் சகோதரியின் விஷயம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். மதினி முதலில் அழுதார், ஏசினார், சில நாள் பேச்சையும் நிறுத்தினார். பிறகு ஒருநாள் தாமே வந்து, 'அந்த 5 வருஷத்திலே பாதிப் பீடி அவ சுத்தினது. நானே சொல்லுதேன்' என்றார். சமரசப் பேச்சில் மீண்டும் இலை கொடுக்கக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். முந்தைய 5 ஆண்டுகளைப் பற்றிய வாதம் இன்னும் தீரவில்லை. பொய்ச்சாட்சியோடு போயிருந்தால் இதற்குள் பணம் கைக்கு வந்திருக்கும் என்று இன்றும் சிலர் அவரிடம் சொல்கிறார்கள். வந்திருக்கலாம். அவர் சொன்ன பதில் இவ்வளவுதான்: 'அந்தக் காசிலே பிள்ளைக்குச் சோறு போட்டா, தஹஜ்ஜுத்திலே எந்த முகத்தோட துஆ கேப்பேன்?'

ஹக்கைக் கேட்கும் துணிவையும், கேட்கும்போது உண்மையை விடாத உறுதியையும், கொடுக்கவேண்டியதை வியர்வை உலருமுன் கொடுத்துவிடும் மனத்தையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.